ஆய்வு முடிந்தது, ஆய்வேடு நகரவில்லை: வாசகர் கேள்வி–பதில்

முனைவர் பட்ட ஆய்வின் எழுத்துக் கட்டத்தில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை இடம் ஒதுக்கியிருக்கிறோம். துறைகள் வேறு வேறு என்றாலும் சிக்கல்களில் பலவும் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: இத்தனை ஆண்டுகளில் செய்ததையெல்லாம் ஆய்வேட்டில் ஏற்றிவிட வேண்டும் என்ற எண்ணம். ஆய்வேட்டின் வேலை ஒரு வினாவை எழுப்பி, அதற்கு ஒரு விடை சொல்லி, அந்த விடையைச் சான்றுகளோடு நிறுவுவது. இதை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறோம். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை விட்டுவிட்டு துறையை மட்டும் குறித்திருக்கிறோம்.

கேள்வி: சோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. அறிமுக இயலின் முதல் பத்தியையே ஒரு மாதமாக மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? (தாவரவியல்)

அறிமுகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். பின்னால் வரும் இயல்கள் எதை நிறுவப்போகின்றன என்று அறிமுகம் வாக்குக் கொடுக்கிறது. அந்த இயல்களே இன்னும் எழுதப்படாதபோது எதை வாக்குக் கொடுப்பது? அதனால்தான் முதல் பத்தி நிலைகொள்ளாமல் தவிக்கிறது.

எழுதத் தொடங்கும் முன் ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். அதில் நான்கு விஷயங்கள் போதும்: ஆய்வின் வினா என்ன, நீங்கள் கண்ட விடை என்ன, அந்த விடையைத் தாங்கும் மூன்று நான்கு சான்றுகள் எவை, துறையில் நடக்கும் எந்த விவாதத்தில் இது எதை மாற்றுகிறது. இந்தப் பக்கத்தை நிரப்ப முடியவில்லை என்றால் உங்கள் சிக்கல் மொழிநடையில் இல்லை, வாதத்தில் இருக்கிறது. நெறியாளரோடு பேச வேண்டியதும் அதைத்தான்.

அடுத்து ஆய்வு முறை இயல். செய்தது உங்களுக்குத் தெரியும், அதை வரிசையாகச் சொன்னால் போதும் என்பதால் கை இங்கேதான் எளிதாக ஓடும். மாதிரிகள் எத்தனை, எத்தனை நீக்கப்பட்டன, ஏன் நீக்கப்பட்டன, கருவியின் மாடல் எண், மென்பொருளின் பதிப்பு எண், வெப்பநிலை, கால அளவு, அலகுகள் எல்லாம் இருக்க வேண்டும். உங்களைத் தெரியாத ஒருவர் இதை வைத்து அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். ஆய்வகக் குறிப்பேட்டில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்பது எழுதும்போதுதான் தெரியும். கருவியும் உடன் வேலை செய்தவர்களும் அருகில் இருக்கும்போதே அந்த ஓட்டையை அடைத்துவிடலாம். ஒரு வருடம் கழித்து அது நடக்காது.

முடிவுகள் இயலுக்கு முதலில் படங்களையும் அட்டவணைகளையும் மட்டும் வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றின் கீழும் ‘இது எதைக் காட்டுகிறது’ என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள். இந்த வாக்கியங்களை மட்டும் தொடர்ந்து படித்தால் வாதம் நகர்கிறதா என்று தெரிந்துவிடும். வாக்கியம் எழுத முடியாத படத்துக்கு இடம் பின்னிணைப்பில். பிறகு விவாதம், முடிவுரை. அதன் பிறகே அறிமுகம். எல்லாவற்றுக்கும் கடைசியில் சுருக்கம்.

அறிமுகத்துக்குத் திரும்பும்போது, மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விளக்கிய மூன்று நகர்வுகள் கைகொடுக்கும். முதலில் இந்தக் களம் ஏன் முக்கியம் என்று காட்டுவது, அடுத்து அதில் எந்த இடம் காலியாகவோ முரணாகவோ இருக்கிறது என்று காட்டுவது, கடைசியில் அந்த இடத்தை இந்த ஆய்வு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று சொல்வது. முதல் நகர்விலேயே பத்துப் பக்கம் ஓட்டிவிடுவதுதான் பலரும் செய்கிற தவறு.

கேள்வி: முந்நூறு கட்டுரைகளுக்கு மேல் படித்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். ஆனால் முன்னாய்வுகள் பற்றிய இயலை எழுதினால் ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று பட்டியலாகவே வருகிறது. கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். (உளவியல்)

உங்கள் குறிப்புகள் கட்டுரைவாரியாக இருக்கின்றன. இயலுக்கு வேண்டியது வினாவாரியான குறிப்பு. இடையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது.

முந்நூறில் உங்கள் வினாவை நேரடியாகத் தொடும் ஐம்பது கட்டுரைகளைப் பிரித்தெடுங்கள். ஒரு விரிதாளில் ஒரு கட்டுரைக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகள் ஆறு போதும்: எழுப்பிய வினா, பின்பற்றிய கோட்பாடு, முறையும் மாதிரியும், முக்கியக் கண்டறிதல், அதன் குறை, என் வினாவோடு அதற்குள்ள தொடர்பு. நிரப்பி முடித்ததும் குறுக்காகப் படிக்காதீர்கள். மேலிருந்து கீழாகப் படியுங்கள். ‘முறை’ என்ற நெடுவரிசையை இறங்கிப் படித்தால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே ஒருமுறை மட்டும் தரவு திரட்டியிருக்கிறார்கள், நீண்ட காலம் யாரும் பின்தொடரவில்லை என்பது கண்ணில் படலாம். உங்கள் இயலின் ஒரு பகுதி அங்கே கிடைத்துவிட்டது.

ஒரு கற்பனை உதாரணம். பட்டியல் நடையில் எழுதினால் இப்படி இருக்கும்: ‘அ (2012) மாணவர்களிடம் ஆய்வு செய்து, தூக்கக் குறைவு நினைவாற்றலைப் பாதிக்கிறது என்றார். ஆ (2015) செவிலியர்களிடம் ஆய்வு செய்து, பாதிப்பு சிறிதே என்றார்.’ அதே செய்தியை வாதமாக எழுதினால் இப்படி: ‘தூக்கக் குறைவு நினைவாற்றலைப் பாதிக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை, எந்த அளவுக்கு என்பதில்தான் முடிவுகள் பிரிகின்றன. பங்கேற்றவர்களே தம் தூக்க நேரத்தைச் சொன்ன ஆய்வுகளில் (அ, இ) பாதிப்பு பெரிதாகவும், கருவி வைத்து அளந்த ஆய்வுகளில் (ஆ, ஈ) சிறிதாகவும் இருக்கிறது. எனவே இந்த வேறுபாடு அளவீட்டு முறையிலிருந்தே வந்திருக்கக்கூடும்.’ இரண்டாவதில் வாக்கியத்தின் எழுவாய் ஆய்வாளரின் பெயர் இல்லை, கருத்து. திருத்தும்போது ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் பாருங்கள். வரிசையாகப் பெயர்களிலேயே தொடங்கினால் அந்தப் பக்கம் இன்னும் பட்டியலாகத்தான் இருக்கிறது.

‘இதை இதுவரை யாரும் ஆராயவில்லை’ என்ற வாக்கியத்தை மட்டும் நம்பி ஆய்வு இடைவெளியை நிறுவ முயலாதீர்கள். ‘ஆராயத் தேவையில்லை என்பதால் விட்டிருக்கலாமே’ என்று தேர்வாளர் கேட்பார். முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவது, பயன்படுத்திய முறையில் ஒரு குறிப்பிட்ட பலவீனம் இருப்பது, ஒரு கோட்பாடு இன்னொரு சூழலில் பொருந்துமா என்று சோதிக்க வலுவான காரணம் இருப்பது ஆகியவைதான் நிற்கக்கூடிய இடைவெளிகள்.

படிப்பதை எப்போது நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முக்கியக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் பின்னோக்கியும், அவற்றை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளில் முன்னோக்கியும் தேடுங்கள். தொடர்ந்து கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருப்பவைதான் என்றால் நிறுத்தலாம். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேடுசொற்கள், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். முறைப்படுத்திய மீளாய்வு (வரையறுத்த விதிப்படி ஆய்வுகளைத் தேடித் தொகுப்பது) என்று பெயர் வைத்தால், அதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 வழிகாட்டுதலைப் பின்பற்ற வேண்டும். இல்லையென்றால் அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று: பிறர் மேற்கோள் காட்டியதைப் பார்த்து மூலத்தைப் படிக்காமல் மேற்கோள் காட்டாதீர்கள். மூலம் சொன்னதும் பிறர் எடுத்துக் காட்டியதும் பல நேரம் வேறாக இருக்கும். நீங்கள் சார்ந்திருக்கும் கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்றும் சமர்ப்பிக்கும் முன் பாருங்கள். மேற்கோள்களைத் தொகுத்து நிர்வகிக்கும் சொட்டேரோ மென்பொருள் 2019 முதல் இப்படித் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு எச்சரிக்கை காட்டுகிறது.

கேள்வி: ஐந்து சோதனைகளில் இரண்டில் எதிர்பார்த்த விளைவு வரவில்லை. விட்டுவிடலாமா? ‘நெகட்டிவ் ரிசல்ட்’ என்றால் தேர்வாளர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்களா? (உடற்பயிற்சி அறிவியல்)

முதலில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். கருவி கோளாறு, மாதிரி கெட்டுப்போனது, வழிமுறை பிசகியது போன்ற காரணங்களால் தரவே நம்பத்தகாததாக இருந்தால் அது தோற்றுப்போன சோதனை. அதைப் பற்றி ஆய்வு முறை இயலில் இரண்டு வரி போதும். சோதனை சரியாக நடந்து விளைவு மட்டும் தென்படவில்லை என்றால் அது ஒரு முடிவு. அதை மறைத்தால் மற்ற மூன்றும் சந்தேகத்துக்குள்ளாகும். நேர்மையாக எழுதி, ஏன் இப்படி வந்திருக்கலாம் என்று விவாதித்த ஆய்வேட்டைத் தேர்வாளர் கூடுதலாகவே மதிப்பார்.

ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பி-மதிப்பு (உண்மையில் விளைவே இல்லை என்றாலும் இப்படியொரு தரவோ இதைவிட விலகிய தரவோ வர எவ்வளவு வாய்ப்பு என்பது) வழக்கமான எல்லையான 0.05ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக ‘விளைவு இல்லை’ என்று எழுதக் கூடாது. பி-மதிப்பு விளைவின் அளவைக் காட்டுவதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விளைவின் அளவையும் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் (தரவோடு பொருந்தக்கூடிய மதிப்புகளின் வீச்சு) கொடுங்கள். உங்கள் துறையில் 2 அலகு வித்தியாசம்தான் பொருட்படுத்தத்தக்கது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோதனையில் வித்தியாசம் 1.2, இடைவெளி −0.4 முதல் 2.8 வரை. இன்னொன்றில் வித்தியாசம் 0.1, இடைவெளி −0.3 முதல் 0.5 வரை. இரண்டிலும் பி-மதிப்பு 0.05ஐத் தாண்டியதுதான். முதலாவது எதையும் தீர்மானிக்கவில்லை. மாதிரி போதவில்லை என்றுதான் சொல்லலாம். இரண்டாவதில் 2 அலகு அளவுக்கு விளைவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று துணிந்து எழுதலாம். இவற்றை ஒரே சொல்லில் ‘பலனில்லை’ என்று அடக்கினால் ஆய்வின் பாதி மதிப்பு போய்விடும்.

எதிர்பாராத ஏதோ ஒன்று தரவில் தென்பட்டு, அதற்கேற்பக் கருதுகோளை மாற்றி, முதலிலிருந்தே அதைத்தான் சோதித்ததுபோல எழுதும் ஆசையும் இந்தக் கட்டத்தில் வரும். செய்யாதீர்கள். உண்மையில் எந்த விளைவும் இல்லாத இடத்தில்கூட, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 0.05 அளவில் நடத்தினால் குறைந்தது ஒன்றாவது தற்செயலாக ‘முக்கியத்துவம் வாய்ந்தது’ என்று வர 64 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. அப்படிக் கிடைத்ததைத் தனித் தலைப்பில், தேடல் நோக்கிலான பகுப்பாய்வு என்று சொல்லியே எழுதுங்கள். வாய்மொழித் தேர்வில் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கேள்வி: அனுப்பிய இயலுக்கு நெறியாளரிடமிருந்து மூன்று மாதமாகப் பதில் இல்லை. கேட்டால் ‘முழுசா முடிச்சுட்டு கொடுங்க’ என்கிறார். இணை நெறியாளர் சொல்வதும் இவர் சொல்வதும் நேரெதிராக இருக்கிறது. (வரலாறு)

எண்பது பக்கத்தை ‘பார்த்துச் சொல்லுங்க சார்’ என்று அனுப்பினால், அதற்காக ஒரு முழு நாள் கிடைக்கும்வரை அது அப்படியே கிடக்கும். பதினைந்து பக்கம் அனுப்புங்கள். மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் இருக்கட்டும்: ‘இரண்டாம் பகுதியில் இந்த ஆவணத்தை நான் வாசித்திருக்கும் விதம் ஏற்கத்தக்கதா? காலப் பகுப்பை இந்த ஆண்டோடு முடிக்கலாமா? நான்காம் பகுதி இந்த இயலில் வேண்டுமா?’ எந்தத் தேதிக்குள் வேண்டும், அதுவரை நீங்கள் எதை எழுதப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். மொழித் திருத்தம் இப்போது வேண்டாம், வாதத்தை மட்டும் பாருங்கள் என்று சொல்வதும் அவர் வேலையைப் பாதியாகக் குறைக்கும்.

ஒவ்வொரு சந்திப்பு முடிந்ததும் அன்றைக்கே ஐந்து வரியில் ‘இன்று பேசி முடிவு செய்தவை’ என்று இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். கருத்து மோதல் வந்தால் நீங்கள் தூது போக வேண்டாம். இரண்டு கருத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீங்கள் எதைத் தேர்கிறீர்கள், ஏன் என்று எழுதி, இருவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். பெரும்பாலும் ‘சரி, அப்படியே செய்யுங்கள்’ என்றுதான் பதில் வரும். ஏனெனில் அவர்களுக்கு வேண்டியது நீங்கள் யோசித்து ஒரு முடிவெடுத்திருக்கிறீர்கள் என்ற உறுதி. இத்தனைக்குப் பிறகும் மாதக்கணக்கில் மௌனம் என்றால் ஆய்வுக்குழு உறுப்பினரையோ துறையின் ஆய்வு ஒருங்கிணைப்பாளரையோ அணுகுவது உங்கள் உரிமை. அப்போது அந்த மின்னஞ்சல்கள் உங்களுக்குத் துணை நிற்கும்.

கேள்வி: ஒப்புமை அறிக்கையில் 31 சதவீதம் வந்திருக்கிறது. நான் எதையும் திருடவில்லை. பாதி என் சொந்தக் கட்டுரைகள்தான். என்ன செய்வது? (வேதியியல்)

டர்னிட்டின் போன்ற மென்பொருள்கள் சொல்வது எத்தனை சொற்கள் வேறெங்கோ அப்படியே இருக்கின்றன என்பதை மட்டும்தான். திருட்டா இல்லையா என்பதை அறிக்கையைப் படிக்கும் மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். மொத்த எண்ணை விட்டுவிட்டு மூலவாரியாகப் பாருங்கள். அறுபது மூலங்களில் அரை அரை சதவீதம் என்று சிதறிக் கிடந்தால் பெரும்பாலும் துறைச் சொற்களும் வழக்கமான முறை விளக்கங்களும்தான். ஒரே மூலத்தில் 12 சதவீதம் என்றால் அந்தப் பக்கங்களை உட்கார்ந்து படிக்க வேண்டும். துணைநூற்பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றையும் விலக்கும் அமைப்பு இருக்கிறது; உங்கள் பல்கலைக்கழக விதி அனுமதித்தால் அதை இயக்கிப் பாருங்கள்.

சொந்தக் கட்டுரைகளுக்கு, அந்த இயலின் தொடக்கத்திலேயே ‘இந்த இயலின் பகுதிகள் இந்த இதழில் இந்த ஆண்டு வெளியானவை’ என்று குறிப்பிட்டு, இணை ஆசிரியர்கள் இருந்தால் யார் எதைச் செய்தார்கள் என்றும் எழுதுங்கள். பதிப்பாளரின் அனுமதி விதியைப் படியுங்கள். அச்சான வடிவத்தைச் சேர்க்கலாமா, ஏற்கப்பட்ட கையெழுத்துப் பிரதியை மட்டுமா என்பது பதிப்பாளருக்குப் பதிப்பாளர் மாறும்.

மற்றவர் எழுதியதில் சொற்களுக்குப் பதில் இணைச்சொற்களைப் போட்டு, வாக்கிய அமைப்பை அப்படியே வைத்திருக்கும் இடங்கள்தான் உண்மையான ஆபத்து. சதவீதத்தைக் குறைக்க இதைச் செய்கிறவர்கள் நிறைய. மென்பொருளுக்குத் தப்பினாலும் தேர்வாளர் கண்ணுக்குத் தப்பாது. மூலத்தை மூடிவிட்டுக் குறிப்பிலிருந்து உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு திறந்து பொருள் சரியா என்று சரிபாருங்கள்.

வரைவைச் சோதிக்கும்போது அதைத் தரவுத்தளத்தில் சேமிக்காத அமைப்பில் பதிவேற்றச் சொல்லி நூலகத்தில் கேளுங்கள். சேமித்துவிட்டால் இறுதிப் பிரதி உங்கள் வரைவோடேயே ஒத்துப்போய் எண் எகிறும்.

கேள்வி: 260 பக்க வேர்டு கோப்பு. திறக்கவே நேரமாகிறது, படங்களின் எண்கள் குழம்புகின்றன, ஒருமுறை மேற்கோள்கள் எல்லாம் வெறும் எழுத்தாக மாறிவிட்டன. (கட்டடப் பொறியியல்)

தலைப்புகளைக் கையால் தடிமனாக்காமல் தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்துங்கள். படத் தலைப்புகளையும் அவற்றைச் சுட்டும் இடங்களையும் தானியங்கி எண்களாக வையுங்கள். பிடிஎஃப் எடுக்கும் முன் கண்ட்ரோல்-ஏ, பிறகு எஃப்9 அழுத்தினால் முதன்மைப் பகுதியில் உள்ள எண்கள் புதுப்பிக்கப்படும். அதன் பிறகு ‘எரர்’ என்ற சொல்லைத் தேடுங்கள். சுட்டிய படம் அழிந்துபோன இடங்களில் பிழைச் செய்தி அச்சாகியிருக்கும். முகப்புப் பக்கங்களுக்கு ரோமன் எண், முதன்மைப் பகுதிக்கு வழக்கமான எண் என்றால் இடையில் பகுதிப் பிரிப்பு வைத்து, முந்தைய பகுதியோடு உள்ள இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இந்தத் துண்டிப்பை மறப்பதால்தான் எண்கள் குழம்புகின்றன.

கோப்பு கனப்பதற்குக் காரணம் பெரும்பாலும் படங்கள். புகைப்படங்களுக்கு அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) போதும். வரைபடங்களை, பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத வெக்டர் வடிவில் சேருங்கள். மூலப் படங்களைத் தனிக் கோப்புறையில் வையுங்கள்.

மேற்கோள்கள் வெறும் எழுத்தாக மாறக் காரணம், அந்தக் கோப்பை வேறொரு எழுத்துச் செயலியில் திறந்து சேமித்ததாக இருக்கலாம். சொட்டேரோ, மெண்டலே, எண்ட்நோட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரில் பிழை இருந்தால் கோப்பில் திருத்தாமல் அந்த மென்பொருளின் நூலகத் தொகுப்பில் திருத்துங்கள். கோப்பில் திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் பழைய பிழை திரும்ப வந்துவிடும். நெறியாளருக்கு அனுப்ப எப்போதும் தனி நகல்.

காப்புப் பிரதிக்கு மூன்று-இரண்டு-ஒன்று விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறு இடத்தில். மேகச் சேமிப்பில் தானாக ஒத்திசைவது மட்டும் போதாது. இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும்.

தரவுக்கும் இதே கவனம் தேவை. எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடுவது இத்தனை ஆண்டுகள் தொல்லை கொடுத்து, 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் மாதிரி எண்களில் ‘3-5’ போன்றவை இருந்தால் அந்த நெடுவரிசையை முதலிலேயே எழுத்து வடிவமாக வரையறுத்துவிடுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் மேற்கோள்கள் கேட்கலாமா? (கல்வியியல்)

அது தரும் பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள். உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், இல்லாத கட்டுரை என்று நம்பும்படி கலந்து தரும். ஒவ்வொன்றையும் டிஓஐ எண்ணை (கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்) வைத்துத் திறந்து, கட்டுரை இருக்கிறதா, நீங்கள் சொல்லும் கருத்து அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். நேர்காணல் பதிவுகளை அதில் ஏற்றாதீர்கள். பங்கேற்றவர்கள் அதற்குச் சம்மதம் தந்திருக்க மாட்டார்கள். மொழித் திருத்தத்துக்குப் பயன்படுத்தினால் உங்கள் பல்கலைக்கழக விதிப்படி அதைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: சமர்ப்பிக்க ஆறு மாதம் இருக்கிறது. ஆய்வு முறையும் ஒரு முடிவுகள் இயலும் தயார். மீதியை எப்படித் திட்டமிடுவது? (பொருளியல்)

கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கடைசி இரண்டு வாரம் வடிவமைப்பு, மேற்கோள் சரிபார்ப்பு, நூற்கட்டு, கையெழுத்துகளுக்கு. அதற்கு முன் மூன்று வாரம் நெறியாளரின் திருத்தங்களைச் செய்ய. அதற்கும் முன் நான்கு வாரம் அவர் முழு வரைவைப் படிக்க; தேதியை இப்போதே அவரிடம் சொல்லி வாங்கிவிடுங்கள். ஆக எழுதக் கிடைப்பது ஏறக்குறைய 17 வாரம். மீதியுள்ள முடிவுகள் இயல்களுக்கு ஏழு, விவாதத்துக்கு நான்கு, முன்னாய்வுகளுக்கு மூன்று, அறிமுகத்துக்கும் முடிவுரைக்கும் இரண்டு, சுருக்கத்துக்கும் எதிர்பாராதவற்றுக்கும் ஒரு வாரம். விவாதத்துக்கு நான்கு வாரம் அதிகமாகத் தோன்றலாம். அதைக் குறைக்காதீர்கள், அவசரத்தில் எழுதிய விவாத இயல் முடிவுகளைத் திரும்பச் சொல்வதோடு நின்றுவிடும், வாய்மொழித் தேர்வின் கடினமான கேள்விகளும் அந்த இயலிலிருந்துதான் வரும். திட்டம் இரண்டு வாரத்துக்கு மேல் பின்தங்கினால், புதிய பகுப்பாய்வு எதையும் சேர்க்காமல், ஒரு முடிவுகள் இயலைச் சுருக்குவது பற்றி நெறியாளரிடம் அந்த வாரமே பேசிவிடுங்கள்.